நான்காவது மேல்முறையீடு

சம்பந்தி: ...படிக்கிறேன், கேளுங்க. "மௌனத்தைப் பற்றி எழுபது பக்கம். ஆசிரியரும் மௌனமாக இருந்திருந்தால் வாதம் இன்னும் வலுப்பெற்றிருக்கும்." என்ன சம்பந்தியம்மா இது?

நூலகர்: முதல்ல கதவைச் சாத்துங்க. இது நூலகம்.

சம்பந்தி: நூலகத்துல யார் இருக்கா? ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு பேரும் சொத்துரிமைச் சட்டத்தைத் தலைக்கு வச்சுத் தூங்கறாங்க.

நூலகர்: எழுப்பிடாதீங்க. கணக்குல அவங்களும் வாசகர்கள்தான். சரி, ஓய்வு குடுத்து அனுப்பின பேராசிரியரை யார் உள்ள விட்டாங்க?

சம்பந்தி: ஓய்வு எனக்குத்தான். என் கட்டுரைக்கு இல்ல. பேச்சை மாத்தாதீங்க. "வாடகை ஒப்பந்தங்களில் மௌனத்தின் சட்ட மதிப்பு." ரெண்டு வருஷம் உழைச்சு எழுதினேன். வீட்டுல யார்கிட்டயும் பேசாம எழுதினேன்.

நூலகர்: உங்க மருமக சொன்னா. வீடு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சாம்.

சம்பந்தி: அம்மாவும் பொண்ணும் போன்ல இதைத்தான் பேசறீங்களா? இருக்கட்டும். இந்த வரி எங்க வந்துச்சு தெரியுமா? என் போன்ல. நீங்களே போட்டுக் குடுத்த ஃபீடுல. நம்ம ஆளுங்க புதுசா ஒரு சட்டக் கட்டுரை எழுதினா, தலைப்பும் நாலு வரிச் சுருக்கமும், வேணும்னு கேட்டவங்க போனுக்கெல்லாம் தானாப் போய்ச் சேரும்னீங்க. வாசல்ல பேப்பர் விழற மாதிரி விழும்னீங்க. விழுந்துச்சு. என் தலையில.

நூலகர்: அய்யய்யோ... அதுவா போயிருக்கு?

சம்பந்தி: அந்த 'அய்யய்யோ' சரியில்லை.

நூலகர்: அதுல என்ன குறை?

சம்பந்தி: காலமெல்லாம் சாட்சியச் சட்டம் நடத்தினவன் நான். உண்மையான அய்யய்யோ வயித்துலேர்ந்து வரும். இது உதட்டுலேர்ந்து வருது. கல்யாணத்தன்னிக்கு என் பையன் மண்டபத்துக்கே தாமதமா வந்தப்போ ஒரு 'பரவாயில்லை' சொன்னீங்களே, அந்த ரகம்.

நூலகர்: அந்தப் 'பரவாயில்லை'யை இன்னும் மறக்கலையா?

சம்பந்தி: அதைக் கேட்டு மண்டபத்துல பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்க.

நூலகர்: சாப்பிடப் போனாங்க.

சம்பந்தி: சாட்சி விலகாம பதில் சொல்லணும். இந்த வரியை எழுதினது நீங்களா, இல்லையா?

நூலகர்: ...எழுதினது நான்தான். ஆனா உங்களுக்கு எழுதலை. எனக்கு எழுதிக்கிட்டேன். ஒவ்வொரு கட்டுரையையும் கணினியில ஏத்தறப்போ ரெண்டு பெட்டி நிரப்பணும். ஒண்ணு 'சுருக்கம்'. அது உங்களை மாதிரி ஆளுங்க எழுதித் தர்றது. இன்னொண்ணு 'நூலகர் குறிப்பு'. அது வெளிய தெரியாது. பசங்க வந்து "மேடம், எதைப் படிக்கலாம், எதை விடலாம்"னு கேப்பாங்கல்ல, அப்போ பார்த்துச் சொல்ல...

சம்பந்தி: மனசுல இருக்கறது.

நூலகர்: மனசுல இருக்கறது. ஃபீடு அமைக்கறப்போ, சுருக்கத்தை எந்தப் பெட்டியிலேர்ந்து எடுக்கணும்னு கேட்டுச்சு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சா...

சம்பந்தி: கை தவறிடுச்சு.

நூலகர்: கை தவறிடுச்சு.

சம்பந்தி: எப்போ?

நூலகர்: ஆரம்பத்துல.

சம்பந்தி: ஆரம்பத்துலேர்ந்து வந்ததெல்லாம் என் போன்ல அப்படியே இருக்கு. முதல்ல கொஞ்ச நாள் ஒழுங்கான சுருக்கம்தான். "இக்கட்டுரை ஆராய முற்படுகிறது." "இக்கட்டுரை விவாதிக்க விழைகிறது." முற்பட்டு முற்பட்டு, விழைஞ்சு விழைஞ்சு, ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. திடீர்னு ஒரு நாள் குடும்பச் சட்டக்காரர் கட்டுரைக்கு, "தலைப்பு அருமை. அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்." அன்னியிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் வெடி மேல வெடி. இப்போ சொல்லுங்க. கை ஒரு தடவை தவறும். மாசக்கணக்கா உட்கார்ந்து தவறுமா?

நூலகர்: ...

சம்பந்தி: மௌனம். இதுக்குச் சட்ட மதிப்பு என்னன்னு என் கட்டுரையில இருக்கு.

நூலகர்: எழுபது பக்கம். தெரியும்... முதல் தடவை தப்புதான், சத்தியமா. குடும்பச் சட்டக்காரர் கட்டுரை அப்படிப் போயிடுச்சு. சரி, இன்னியோட வேலை போச்சுன்னு பையெல்லாம் எடுத்து வச்சுட்டேன். சாயங்காலம் எத்தனை பேர் திறந்தாங்கன்னு காட்டற இடத்தைப் பார்த்தேன். சம்பந்தி, அந்த இடத்துல பூஜ்யத்தைத் தவிர வேற எண்ணையே நான் பார்த்ததில்லை. அன்னிக்கு இயந்திரம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்.

சம்பந்தி: அவ்வளவு பேரா?

நூலகர்: கடல் கடந்தெல்லாம் திறந்திருக்காங்க. நீதிபதிங்க திறந்திருக்காங்க. குடும்பச் சட்டக்காரரே தன் கட்டுரையை மறுபடி திறந்து படிச்சிருக்கார்.

சம்பந்தி: அது அதிசயம்தான். எழுதினப்பவே அவர் படிச்சிருக்க மாட்டார்.

நூலகர்: சரி, தப்பைத் திருத்தலாம்னு பழையபடி சுருக்கத்தைப் போட்டேன். மறுநாள் பழையபடி பூஜ்யம். அப்புறம்...

சம்பந்தி: அப்புறம் கையை நீங்களே தவற விட்டீங்க.

நூலகர்: பிரிவை மூடப் போறாங்க சம்பந்தி! உங்களுக்கு அது தெரியாது. இந்த வெளியீட்டுப் பிரிவை யாரும் சீந்தறதில்லைன்னு ஒரு சுற்றறிக்கை. இதோ, இப்போ மேல் மாடியில குழு உட்கார்ந்திருக்கு. துணைவேந்தரே வந்திருக்கார். "வாசகர் இருந்தால் தொடரலாம், இல்லாவிடில் இன்றோடு மூடலாம்." மூடினா என்னை எங்க போடுவாங்க தெரியுமா?

சம்பந்தி: எங்க?

நூலகர்: விடுதிச் சாவிப் பிரிவு. சட்ட நூலகத்துல தலை நரைச்சவ, இனிமே ஜன்னல்ல உட்கார்ந்து, "தம்பி, அறைச் சாவியைத் தொலைச்சுட்டியா"ன்னு கேக்கணும்.

சம்பந்தி: என் சம்பந்தி சாவிக்காரியா! வெளிய சொல்ல முடியுமா? என் பையன் மானம் என்ன ஆகும்?

நூலகர்: உங்க பையன் வாரம் தவறாம வீட்டுச் சாவியைத் தொலைக்கறவர். அவருக்கு வசதியாத்தான் இருக்கும்.

சம்பந்தி: அதுவும் சரிதான்... சரி, நானும் ஒண்ணு சொல்லணும். நான் சண்டை போட வரலை.

நூலகர்: கதவைத் தள்ளின தள்ளுல அலமாரியிலேர்ந்து தீர்ப்புத் தொகுப்பு விழுந்துச்சு.

சம்பந்தி: அது பாவனை. என் கட்டுரைக்கு நீங்க எழுதினது வந்து மாசம் ஆச்சு. வந்த வாரமே ஒருத்தர் எனக்கு எழுதியிருந்தார். முகம் தெரியாதவர். "நூலகர் சொல்வது நியாயம்தான். ஆனால் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் உள்ள வாதம் மிக நுட்பமானது"ன்னு. ஐம்பத்திரண்டாம் பக்கம்! நான் நடத்தின வகுப்புல பாடப் புத்தகத்தோட ரெண்டாம் பக்கத்தைத் தாண்டினவன் கிடையாது. என் சொந்தத் தம்பி, என் எல்லாக் கட்டுரையையும் வாங்கி வரிசையா அடுக்கி வச்சிருக்கான். ஜன்னல் காத்துல அடிச்சுக்காம இருக்கறதுக்கு.

நூலகர்: அப்போ கோபம் இல்லையா?

சம்பந்தி: கோபமா? அந்த ஐம்பத்திரண்டாம் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டலாம்னு இருக்கேன்.

நூலகர்: அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம்? மூச்சு வாங்குது. உட்காருங்க. தண்ணி குடிங்க.

சம்பந்தி: எச்சரிக்க வந்தேன். என் கட்டுரைக்குப் போட்டதோட நிறுத்தியிருக்கலாம்ல? அந்த ஆள் பெரிய இடம். ஆனா எழுத்து... அடடா! காலையில பல் தேய்க்கறப்போ படிச்சேன். நுரையை விழுங்கிட்டேன்.

நூலகர்: எதைச் சொல்றீங்க?

சம்பந்தி: இன்னிக்குக் காலையில வந்தது. நம்ம கல்லூரி டீன் கட்டுரை.

நூலகர்: டீன் கட்டுரையா? அது போன வாரமே போட்டாச்சே.

சம்பந்தி: போன வாரம் வெறும் தலைப்பு வந்துச்சு. இன்னிக்குக் குறிப்போட மறுபடி மேல வந்திருக்கு. இதோ... "எல்லைச் சுவர்த் தகராறுகளில் நியாயமான அண்டைவீட்டார் என்னும் கருத்தாக்கம்." கீழ பாருங்க. "இந்தக் கட்டுரையில் சட்டம் குறைவு, சுவர் அதிகம். ஆசிரியர் தம் பக்கத்து வீட்டுக்காரரிடம் மூன்று மன்றங்களில் தோற்றவர். ஆகவே இது ஆய்வுக் கட்டுரை அல்ல, நான்காவது மேல்முறையீடு. பக்கத்து வீட்டு நாய்க்குத் தனி அத்தியாயமே உண்டு. படிக்காமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்."

நூலகர்: ...அய்யய்யோ.

சம்பந்தி: இது வயித்துலேர்ந்து வந்துச்சு.

நூலகர்: சம்பந்தி, இதை நான் எழுதலை!

சம்பந்தி: சரி சரி.

நூலகர்: எழுதலைன்னா எழுதலை! டீன் கட்டுரைக்கு மட்டும் நான் குறிப்புப் பெட்டியைக் காலியா விட்டேன். பயம்தான், வேற என்ன? அந்தக் கட்டுரையை நான் திறக்கவே இல்லை. திறந்தா எழுதாம இருக்க முடியாதுன்னு திறக்கலை.

சம்பந்தி: என்கிட்ட எதுக்கு மறைக்கறீங்க? பாராட்டத்தானே வந்திருக்கேன். "சட்டம் குறைவு, சுவர் அதிகம்." உங்களால மட்டும்தான் முடியும்.

நூலகர்: என்னால மட்டுமா? வரிச் சட்டக்காரர் கட்டுரைக்கு, "இவர் விதிக்கும் வரியை விட இவர் எழுதும் வரி கொடுமை"ன்னு வந்துச்சே, அது யாரால முடிஞ்சுது?

சம்பந்தி: ...அது நீங்கதானே?

நூலகர்: நான் எழுதினது "பக்கம் அதிகம்"னு ரெண்டே சொல். மறுநாள் பார்த்தா மாறியிருந்துச்சு. முந்தின நாள் மதியம் ஒருத்தர் இந்த நாற்காலியில உட்கார்ந்து, "சம்பந்தியம்மா, ஒரே ஒரு தாள் அச்செடுத்துக்கறேன், நீங்க போய் நிதானமா டீ குடிச்சுட்டு வாங்க"ன்னார்.

சம்பந்தி: அச்செடுத்தேனே!

நூலகர்: வெள்ளைத் தாள் வந்துச்சு.

சம்பந்தி: மை தீர்ந்துருக்கும்.

நூலகர்: வாய்தா கேக்காதீங்க. எழுதினீங்களா, இல்லையா?

சம்பந்தி: ...அந்த மனுஷன் என் பிரிவுபசார விழாவுல முக்கால் மணி நேரம் பேசினார். என்னைப் பத்தி இல்ல. விற்பனை வரியைப் பத்தி. மாலையோட நின்னேன். மாலை வாடிப்போச்சு. பூவெல்லாம் உதிர்ந்து நார் மட்டும் கழுத்துல கிடந்துச்சு. அதுக்குப் பதில் சொல்ல ஒரு இடம் வேண்டாமா?

நூலகர்: அப்போ டீனுக்கும் எழுதினது நீங்கதான்.

சம்பந்தி: அய்யோ, இல்லை! வரிச் சட்டத்தோட நான் கையைக் கழுவிட்டேன்.

நூலகர்: டீனோட தினமும் காலையில நடக்கப் போறது யாரு? பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் தெரிஞ்சிருக்கே. நான் அவர் வீடு இருக்கற தெருவுக்கே போனதில்லை.

சம்பந்தி: நடக்கறப்போ அவர் முட்டி வலியைத் தவிர வேற எதுவும் பேசினதில்லை. வலது முட்டி போகறப்போ, இடது முட்டி வர்றப்போ. வழக்குல மூணு தடவை தோத்தார்னு இன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரியும். அதுவும் உங்க புண்ணியத்துல.

நூலகர்: என் புண்ணியம் இல்லைங்கறேன்!

சம்பந்தி: அந்தப் பெட்டியை வேற யார் திறக்க முடியும்?

நூலகர்: நான் திறக்கலாம். கணினிப் பிரிவுல ஒருத்தர் இருக்கார், அவருக்குத் தமிழ்ல பேர் எழுதவே நேரம் பிடிக்கும். அப்புறம் பேருக்கு டீனுக்கும் ஒரு கடவுச்சொல் குடுத்திருக்கு. அவர் அதைத் தொட்டதே இல்லை. போன்ல அலாரத்தை நிறுத்தத் தெரியாம மேஜை இழுப்பறைக்குள்ள போட்டுப் பூட்டறவர் அவர்.

சம்பந்தி: அப்போ மிச்சம் நீங்கதான்.

நூலகர்: இல்லை, என் நாற்காலியில அச்செடுக்க வர்ற நீங்கதான்.

சம்பந்தி: பேரன் மேல சத்தியமா இல்லை.

நூலகர்: பேரனை இழுக்காதீங்க. அவன் எனக்கும் பேரன். ஏற்கனவே உங்க மூக்கு வந்திருக்கேன்னு கவலையில இருக்கேன்.

சம்பந்தி: மூக்குக்கு என்ன குறை? சுவாசிக்குதுல்ல? ...ஒண்ணு மட்டும் இடிக்குது, கவனிச்சீங்களா? கடைசி வரி. திட்டறவங்க எதுக்கு "படிக்காமல் விட்டால் நஷ்டம்"னு சொல்லணும்? நீங்க யாரையும் அப்படிப் படிக்கச் சொன்னதே இல்லையே.

நூலகர்: அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்கணும். நீங்கதான் அடிச்சுட்டுத் தடவிக் குடுக்கற ஆள்.

சம்பந்தி: யார் எழுதினா என்ன, மேல குழு உட்கார்ந்திருக்கு. டீனும் அதுல ஒரு ஆள். யாராவது போனை எடுத்து இதைக் காட்டினா...

நூலகர்: சாவி கொத்தோட என் கைக்கு வந்துடும். போன வாரம்கூட டீன் இந்தப் பக்கம் வந்தார். "ஃபீடு எப்படிப் போகுது மேடம்"னு கேட்டார். "நல்லாப் போகுது சார்"னேன். அவர் போகலை. அந்த அலமாரி பக்கத்துலயே நின்னார். ஏதோ கேக்க வந்தவர் மாதிரி வாயைத் திறந்து மூடினார்... அப்புறம் "சரி"ன்னு போயிட்டார். சந்தேகம் வந்துடுச்சுபோல.

சம்பந்தி: அழிங்க. உடனே அழிங்க.

நூலகர்: அழிச்சாலும் போனது போனதுதான். ஏற்கனவே வாங்கின போன்ல இருந்தாலும் இருக்கும். இனிமே திறக்கறவங்களுக்கு மட்டும்தான் புதுசு தெரியும்.

சம்பந்தி: குழுவுல இருக்கறவங்க இனிமே திறக்கறவங்கதான். அவங்க ஒரு காலத்துலயும் முதல்ல எதையும் திறந்ததில்லை. அழிங்க!

நூலகர்: அழிச்சுட்டேன். பெட்டி காலி. காலியா விட்டா சந்தேகம் வரும். ஏதாவது போடணும். அவர் எழுதிக் குடுத்த சுருக்கம் எங்க...

சம்பந்தி: அதைத் தேடிட்டு இருக்காதீங்க. நான் சொல்றேன், அடிங்க. "இக்கட்டுரை, எல்லைச் சுவர்கள் குறித்த..."

நூலகர்: "...குறித்த..."

சம்பந்தி: "...பல்வேறு பரிமாணங்களைப் பன்முக நோக்கில்..."

நூலகர்: பரிமாணம்னாலே பல்வேறுதானே?

சம்பந்தி: பெரிய மனுஷங்க கட்டுரையில எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்லணும். "...பன்முக நோக்கில் ஆராய முற்படுகிறது."

நூலகர்: கொட்டாவி வருது.

சம்பந்தி: வரணும். அதுதான் பாதுகாப்பு. இதைப் படிச்சவன் ரெண்டாவது வரிக்கு வரமாட்டான். நாய்?

நூலகர்: நாய் வேண்டாம்.

சம்பந்தி: "விலங்கினங்களின் எல்லை கடந்த நடமாட்டம்"னு போடலாமே.

நூலகர்: சம்பந்தி!

சம்பந்தி: சரி, நாயை விட்டுடுங்க. அனுப்புங்க.

நூலகர்: போயிடுச்சு... இருங்க, திறந்து பார்க்கறேன். ம்... வந்துடுச்சு. ஆராய முற்படுகிறது. அப்பாடா.

சம்பந்தி: அப்பாடா. இப்போ நிதானமாச் சொல்லுங்க. நாய்க்குத் தனி அத்தியாயம் இருக்கறது எப்படித் தெரிஞ்சுது?

நூலகர்: நீங்க சொல்லுங்க.

சம்பந்தி: நீங்க சொல்லுங்க. நான் யார்கிட்ட போய்...

நூலகர்: ஷ்... மாடிப் படியில சத்தம்.

சம்பந்தி: யாரோ இறங்கறாங்க.

நூலகர்: ஒரு காலை மெதுவா வைக்கறாங்க, ஒரு காலை...

சம்பந்தி: வலது முட்டி! டீன்தான். கேளுங்க சம்பந்தியம்மா, நீங்க வாயைத் திறக்காதீங்க. எனக்கு வேலையும் இல்லை, பதவியும் இல்லை. என்னை எந்தச் சாவிப் பிரிவுக்கும் மாத்த முடியாது. நான் ஏத்துக்கறேன்.

நூலகர்: நீங்க எழுதினதை நீங்க ஏத்துக்கறதுல என்ன தியாகம்?

சம்பந்தி: நான் எழுதலை! நீங்க எழுதினதை நான் ஏத்துக்கறேன்!

நூலகர்: அதெல்லாம் வேண்டாம். பொண்ணைக் குடுத்த இடம். அவமானத்தை உங்க தலையில வச்சுட்டு நான் உங்க வீட்டு வாசல்ல எப்படி...

டீன்: மேடம், உள்ள வரலாமா?

நூலகர்: வாங்க சார்! வாங்க. இப்பத்தான் உங்க கட்டுரையைப் பத்திப் பேசிட்டு இருந்தோம்.

சம்பந்தி: பன்முக நோக்கில்.

டீன்: சாரும் இங்கதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. ஃபீடுல என் கட்டுரைக்குக் கீழ ஒரு குறிப்பு...

நூலகர்: நான்தான் சார்!

டீன்: என்னது?

நூலகர்: நான்தான் எழுதினேன். வேற யாருக்கும் சம்பந்தமில்லை.

சம்பந்தி: அவங்க சொல்றது பொய். நான் எழுதினேன்.

டீன்: சார், நான் கேக்க வந்தது...

சம்பந்தி: கேக்கவே வேண்டாம்ப்பா. நீ என் மாணவன். மூணாம் வருஷத்துல சாட்சியச் சட்டத்துல உனக்குப் பாஸ் போட்டேன். அதுக்கப்புறம் நான் செஞ்ச ரெண்டாவது பெரிய தப்பு இது.

நூலகர்: சார், இவர் கண்ணாடி இல்லாம விசைப்பலகையில ஒரு எழுத்தைக் கண்டுபிடிக்க மாட்டார். நம்பாதீங்க. சுவர், நாய், மேல்முறையீடு எல்லாம் என் கை.

சம்பந்தி: நாய் என்னோடது!

நூலகர்: நாயும் என்னோடது!

டீன்: ஒரு நிமிஷம்... ரெண்டு பேரும் ஒரு நிமிஷம்...

சம்பந்தி: தண்டனையைச் சொல்லு. விடுதிச் சாவியா? குடு. மொத்தக் கொத்தையும் என் இடுப்புல கட்டு. இவங்களை மட்டும் விட்டுடு. இவங்க இல்லைன்னா இந்தக் கல்லூரியில எந்தப் புத்தகம் எங்க இருக்குன்னு அந்தப் புத்தகத்துக்கே தெரியாது.

நூலகர்: சம்பந்தி, கண் கலங்க வைக்காதீங்க. சார், வேலையை எடுத்துக்கங்க. ஆனா பிரிவை மூடாதீங்க. இப்பத்தான் நாலு பேர் நம்ம கட்டுரைகளைத் திறக்க ஆரம்பிச்சிருக்காங்க. இவருக்கு ஐம்பத்திரண்டாம் பக்கத்துல ஒரு வாசகர் கிடைச்சிருக்கார்.

டீன்: மேடம், பிரிவை மூடலை.

நூலகர்: ...என்ன சார்?

டீன்: காலையிலேயே குழுகிட்ட எண்ணிக்கையைக் காட்டினேன். என் கட்டுரையை மட்டும் இன்னிக்கு எத்தனை பேர் திறந்திருக்காங்கன்னு பார்த்துட்டு, துணைவேந்தர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தார். பிரிவு இருக்கட்டும், மேடமும் இருக்கட்டும்னு அங்கேயே முடிவாயிடுச்சு.

சம்பந்தி: அப்போ நீ இறங்கி வந்தது?

டீன்: அப்புறம் அவர், "அப்படி என்னதான் எழுதியிருக்கு, நானும் பார்க்கறேன்"னு தன் போன்ல திறந்தார். உரக்கப் படிச்சார். "பல்வேறு பரிமாணங்களைப் பன்முக நோக்கில் ஆராய முற்படுகிறது." படிச்சுட்டுக் கொட்டாவி விட்டார், சார். எல்லார் முன்னாடியும். யார் எழுதினாங்கன்னு நான் கேக்கவே இல்லையே. யார் அழிச்சாங்கன்னு கேக்கத்தான் இந்த முட்டியோட இறங்கி வந்தேன்.

நூலகர்: அழிச்சது நாங்க ரெண்டு பேரும்தான் சார். ஆனா... சம்பந்தி, நிஜமாச் சொல்லுங்க, நீங்க எழுதலை?

சம்பந்தி: பேரன் மேல சத்தியம்னு அப்பவே சொன்னேனே. நீங்க?

நூலகர்: நான் அந்தப் பெட்டியைக் காலியாத்தான் விட்டேன்... அப்போ அந்த நாய், அந்த மூணு தோல்வி... அதெல்லாம் யாருக்குத் தெரியும்?

டீன்: தோத்தவனுக்குத் தெரியாதா மேடம்? எல்லார் கட்டுரைக்கும் நாலு வரி திட்டி எழுதினீங்க, ஊரே திறந்து படிச்சுது. எனக்கு மட்டும் வெறும் தலைப்பு. அன்னிக்கு இங்க வந்து அலமாரி பக்கத்துல நின்னேன். "என்னையும் கொஞ்சம் திட்டுங்க"ன்னு ஒரு டீன் எப்படி வாய் விட்டுக் கேப்பான்? அதான் அந்தக் கடவுச்சொல்லைத் தேடி எடுத்து நானே உட்கார்ந்து... சரி, சீக்கிரம் பழையபடி போடுங்க, துணைவேந்தர் போனைக் கையிலேயே வச்சுட்டு உட்கார்ந்திருக்கார். மத்த வரியெல்லாம் முன்ன பின்ன இருந்தாலும் பரவாயில்லை, அந்த 'நான்காவது மேல்முறையீடு' மட்டும் ஒரு எழுத்து மாறக்கூடாது. ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன் அதுக்கு!